ஏழாம் எண் முத்திரை

மேடையில் அமர்ந்திருக்கும் பரிசோதனைக்கூடத் தலைவர் அவர்களே, மின் இரைச்சல் வரம்புக் குழுவின் உறுப்பினர்களே, சோதனையாளர் சங்கத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் கணவர் அவர்களே, மகளே, உட்கார இடமில்லாமல் வாசல்வரை நின்றுகொண்டிருக்கும் நண்பர்களே! என்னை இன்னமும் நல்ல மனிதன் என்று எண்ணிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

ஒலிபெருக்கியில் கரகரவென்று ஒரு சத்தம் வருகிறது. மைக் செட்காரர் அதைச் சரிசெய்யப் பார்க்கிறார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் இரைச்சலம்மா போய்விட்டார். பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. இந்தப் படத்தையும் அதன் முன்னால் எரியும் இந்தச் சிறிய விளக்கையும் பார்க்கிறேன். நம்ப முடிகிறதா உங்களால்? காலை எட்டரை மணிக்கு நம் கூடத்தின் பின்வாசலில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்துவரும் அந்த ஓசை இனிமேல் கேட்காது என்பதை நம்ப முடிகிறதா?

இரைச்சலம்மா! அந்தப் பெயரை அவருக்கு யார் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியாட்கள் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, யாரோ வாயாடி அம்மாள் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். வந்து பார்த்தால், நாலு கேள்விக்கு ஒரு பதில் சொல்லும் மனுஷி! அவர் இரைச்சல் போடுகிறவர் அல்லர். இரைச்சலை அளக்கிறவர்.

சங்கத்துக்கு வெளியிலிருந்தும் பலர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் சுவரில் செருகும் ஒவ்வொரு மின்சாதனமும், சார்ஜரோ விளக்கோ தொலைக்காட்சியோ, தன் வேலையைச் செய்வதோடு நிற்பதில்லை. வேண்டாத மின் அலைகளையும் வெளியே கசியவிடுகிறது. அதைத்தான் நாங்கள் மின் இரைச்சல் என்கிறோம். உங்கள் காதுக்கு அது கேட்காது. ஆனால் பக்கத்திலுள்ள கருவிகளுக்குக் கேட்கும். காதுமெஷின் போட்டுக்கொண்டிருக்கும் பெரியவருக்கு 'ஙொய்' என்று கேட்கும். அதனால் எந்தச் சாதனமும் இவ்வளவுக்கு மேல் கசியவிடக் கூடாது என்று ஒரு வரம்பு இருக்கிறது. டெசிபல் கணக்கில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருந்தால் விற்கலாம். மேலே போனால் விற்கக் கூடாது. அந்தக் கோட்டுக்குக் காவல் நிற்பதுதான் நம் தொழில்.

அந்தக் காவலில் இரைச்சலம்மாவைப் போல நின்றவர் யார்? சொல்லுங்கள், யார்?

அவர் கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன வானொலிப் பெட்டி இருக்கும். உள்ளங்கை அளவுதான். பாட்டுக் கேட்க அல்ல. இரண்டு நிலையங்களுக்கு நடுவே, எதுவும் கேட்காத இடத்தில் முள்ளை நிறுத்திவிட்டுத் தெருவில் நடப்பார். எந்த வீட்டு முன்னால் அது கரகரக்கிறதோ அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். "ஒண்ணும் இல்லீங்க, உங்க வீட்டுல ஏதோ ஒரு சாமான் கத்துது. எதுன்னு பாத்துச் சொல்லிட்டுப் போயிடறேன்." திருடி என்று ஒருமுறை பிடித்து வைத்துவிட்டார்கள்! அவர் அசரவில்லை. பிடித்து வைத்தவர்களின் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, அவர்கள் வீட்டு மீன்தொட்டி விளக்குதான் மூன்று வீட்டுத் தொலைக்காட்சியைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்துக் காட்டினார். பிறகு அந்த வீட்டு அம்மாள் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாராம். "சர்க்கரை கம்மி" என்பதுதான் அந்தச் சம்பவத்தைப் பற்றி இரைச்சலம்மா எங்களிடம் சொன்ன ஒரே புகார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அவரும் இந்தக் கதைக்குச் சிரிப்பார். இனிமேல் நான் சொல்லப்போவதற்குச் சிரிக்க முடியாது.

இதோ, இந்தக் கரகரப்பு மறுபடியும் வருகிறது. பின்வரிசையில் சிலர் மைக் செட்காரரை முறைக்கிறீர்கள். அவரும் மூன்றாவது தடவையாக வயரைப் பிடுங்கிச் செருகுகிறார். இருக்கட்டும்.

போன வாரம் அம்மையாரின் கணவர் என் வீட்டுக்கு வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், பலருக்குத் தெரியும். என் மூக்கில் இருக்கும் கண்ணாடியும் அவர் கடையில் போட்டதுதான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என் கையில் இருக்கிறதே, அம்மாவின் இந்த வானொலிப் பெட்டி, இதை என் மேஜைமேல் வைத்தார்.

"இரங்கல் கூட்டத்துல நீங்க பேசணும் சார். அவளுக்கு நீங்கதானே பெரிய ஆபீசர்?"

"கண்டிப்பா பேசறேன்" என்றேன்.

போகத் திரும்பியவர் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார். "ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா சார்? அந்த ஏழாம் நம்பர் முத்திரை விஷயம். அவ தப்பு பண்ணாளா சார்?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"நான் ஒரு தடவை அவகிட்ட கேட்டுட்டேன் சார். 'வேலை மும்முரத்துல நீயே போட்டுட்டு மறந்துட்டியோ'ன்னு. சும்மாதான் கேட்டேன். என்னையே பாத்தா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே அவ எடுக்கல. ஒன்பது வருஷம் சார். ஒரே வீட்டுல இருந்தோம்."

அன்றும் நான் பதில் சொல்லவில்லை. "கூட்டத்துல பாக்கலாம்" என்று எதையோ மென்று விழுங்கி அவரை அனுப்பிவிட்டேன். வெட்கங்கெட்டவன்! எழுபது வயதில், துக்கத்தோடு வாசலில் நிற்கும் ஒரு மனிதரின் கேள்விக்கு 'இல்லை' என்று மூன்றெழுத்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஐயா, உங்கள் கேள்விக்கு இங்கே பதில் சொல்கிறேன். இத்தனை பேர் முன்னாலும் சொல்கிறேன். அவர் தப்புச் செய்யவில்லை. செய்தவன் நான்.

கூடத் தலைவர் அவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். பார்க்கட்டும். நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் வரம்பைக் குறைக்க முடிவு செய்தோம். வீடுகளில் சாதனங்கள் பெருகிவிட்டன, பழைய வரம்பு போதாது என்று குழுவில் பேசிப் பேசி, ஆறு டெசிபல் குறைத்தோம். கசிகிற சக்தியில் நாலில் ஒரு பங்குதான் இனி அனுமதி. நல்ல முடிவு. அந்தக் குழுவில் நானும் இருந்தேன், அப்போது நம் கூடத்துக்கும் நானே தலைவன். ஆனால் ஒரு சலுகை கொடுத்திருந்தோம். புது வரம்பு நடைமுறைக்கு வரும் தேதிக்குள் பழைய வரம்பில் தேறிவிட்ட பொருட்களைத் தொடர்ந்து விற்கலாம். விடுவார்களா? ஊர்ப்பட்ட கம்பெனிகளும் எங்கள் வாசலில் வந்து நின்றன. நூற்று நாற்பது பொருட்கள் வரிசையில் இருந்தன.

குழுக் கூட்டத்தில் நான் மார்தட்டினேன். "கடைசித் தேதியன்று எங்கள் கூடத்தில் ஒரு பொருள்கூட நிலுவையில் இருக்காது" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். யாரும் எனக்கு எதையும் கொடுக்கவில்லை. மிரட்டவும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால்கூட இன்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்திருக்கும். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. வாய்ச்சவடால், அவ்வளவுதான்.

கடைசி நாள் வந்தது. கடைசிப் பொருள் ஒரு வெள்ளை அடாப்டர். மேஜை விளக்குக்குப் போடுவது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. எங்கள் சோதனை அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரும்புக் கதவு, நான்கு சுவரிலும் நீல நிறக் கூம்புகள், நடுவே மரமேஜை, எதிரே ஆன்டெனா. கதவைச் சாத்திவிட்டால் வெளியுலகத்தின் எந்த அலையும் உள்ளே வராது, உள்ளே நடப்பது வெளியே தெரியாது. பகல் பன்னிரண்டரை மணி இருக்கும். இரைச்சலம்மா வெளியே வந்து சொன்னார்:

"வரம்புக்கு மூணு டெசிபல் மேல நிக்குது சார். நாலு தடவை பாத்துட்டேன்."

"புது வரம்புக்கா?"

"பழசுக்கே."

மூன்று டெசிபல் என்றால் இரண்டு மடங்கு. சின்னத் தவறல்ல. நான் கேட்டேன், "கேபிளை எப்படிப் போட்டிருக்கீங்க?"

"நீட்டித் தொங்கவிட்டிருக்கேன். வீட்டுல எப்படி இருக்குமோ அப்படி."

நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நீட்டிவிட்ட கேபிள் இரைச்சலைப் பரப்பும். அதையே மடித்துக் கட்டி வைத்தால் அளவு இறங்கிவிடும். பொருள் மாறாது, கசிவும் மாறாது, அளவு மட்டும் இறங்கும். கோடு தாண்டாமல் தேற வைக்க நினைப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. நாம் யாரும் இதை வெளியே பேசுவதில்லை.

"கொஞ்சம் மடிச்சு வெச்சுப் பாருங்களேன்மா" என்றேன்.

"மடிச்சா இறங்கும் சார், எனக்கும் தெரியும். ஆனா வீட்டுல யாரு சார் வயரை எட்டா மடிச்சு, ரப்பர் பேண்டு போட்டு, விளக்கு எரிய விடுறாங்க?"

"விதியில 'வழக்கமாக வைக்கும் விதத்தில்'னுதானேம்மா இருக்கு? மடிச்சு வைக்கிறதும் ஒரு வழக்கம்தான்."

"யாரோட வழக்கம் சார்?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. "சரி, நீங்க சாப்பிட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். அவர் போனதும் நானே உள்ளே போனேன். கேபிளை எட்டாக மடித்தேன். பென்சில்களைச் சேர்த்துக் கட்டியிருந்த ரப்பர் பேண்டை எடுத்துக் கட்டினேன். கதவைச் சாத்தி, நானே கருவியை ஓட்டினேன். வரம்புக்கு ஒரு டெசிபல் கீழே. தேறிவிட்டது!

அறிக்கையில் இரண்டு கட்டங்கள் உண்டு. 'ஒப்புதல்' என்ற கட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். 'சோதித்தவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. எங்கள் கூடத்தில் ஒவ்வொரு சோதனையாளருக்கும் ஒரு எண் முத்திரை. அவருடையது ஏழு. மேஜை இழுப்பறையில், மசித்துணிப் பெட்டிக்குப் பக்கத்தில், பூட்டாமல் வைத்திருப்பார். ஏன் பூட்டவில்லை? அந்த அறையில் திருடன் இல்லை என்று நம்பியதால்! அதை எடுத்து நான் குத்தினேன். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் அறிக்கை உறைக்குள் போய்விட்டது. "அந்த அடாப்டர் என்ன சார் ஆச்சு?" என்று அவர் கேட்டபோது, "அதை நான் பாத்துக்கறேன்மா" என்றேன். தேறவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டதாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

நண்பர்களே, இதோடு நின்றிருந்தால்கூட நான் ஒரு சாதாரணத் தவறு செய்தவன். இதோடு நிற்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்திலிருந்து புகார் வந்தது. படுக்கையில் இருப்பவர்கள் செவிலியரைக் கூப்பிடக் கம்பியில்லாத அழைப்பு மணி வைத்திருந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு, ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் கழிவறைக்குப் போக அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். செவிலியர் எட்டடி தூரத்தில் அடுத்த அறையில்தான் இருந்திருக்கிறார். மணி அடிக்கவில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் தானே எழுந்திருக்கிறார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் நடக்கவே இல்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க யாரை அனுப்பினோம்? வேறு யாரை! இரைச்சலம்மா இந்த வானொலிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த இல்லத்தின் நடையில் நடந்தார். செவிலியர் மேஜைக்கு வந்ததும் அது அலறியது. மேஜைமேல் ஒரு விளக்கு. விளக்கின் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு வெள்ளை அடாப்டர். அதைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, "இப்ப அழுத்தச் சொல்லுங்க" என்றார். மணி அடித்தது. ஓட்டுநரின் மனைவி அங்கேதான் நின்றிருக்கிறார். "இவ்வளவுதானா? இதைப் பிடுங்கியிருந்தா போதுமா?" என்று கேட்டு அழுதிருக்கிறார்.

இரைச்சலம்மா அந்த அடாப்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து கோப்பைத் தேடினார். எடுத்துப் பிரித்தால், 'சோதித்தவர்' கட்டத்தில் அவருடைய முத்திரை! ஏழு! எந்தப் பொருளை அவர் தேறவில்லை என்று நாலு தடவை அளந்து சொன்னாரோ, அதே பொருளுக்கு அவர் முத்திரை! அந்த நிமிடம் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஒன்பது ஆண்டுகளாக அதை யோசிக்காமல் இருக்கத்தான் நான் முயன்றுகொண்டிருக்கிறேன்.

விசாரணை வைத்தார்கள். அவர் ஒரே வரிதான் சொன்னார். "முத்திரை என்னோடது. அளவு என்னோடது இல்ல." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். குற்றஞ்சாட்டிய பார்வை அல்ல. 'சொல்லுங்க சார்' என்ற பார்வை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பினார், ஐயா. அப்போதும் நம்பினார்!

விசாரணை அதிகாரி என்னிடம் கேட்டார்: "அன்று சோதனை செய்தது யார்?"

நான் சொன்னேன்: "நினைவில்லை."

நினைவில்லையா? அந்த ரப்பர் பேண்டின் நிறம்கூட நினைவிருக்கிறது, பச்சை! நூற்று நாற்பது பொருட்கள், அவசர காலம், முத்திரை அவருடையது, எனக்கு நினைவில்லை என்று பூசி மெழுகினேன். அவர் தவறு என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. என் 'நினைவில்லை' மொத்தப் பழியையும் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டது. அவரைச் சோதனை அறையிலிருந்து எடுத்துக் கருவிக் கிடங்குக்கு மாற்றும் உத்தரவிலும் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

நான்கு ஆண்டுகள்! இருபது ஆண்டு அளந்த கைகள் நான்கு ஆண்டுகள் பழைய கருவிகளுக்குத் தூசி தட்டின. உணவறையில் அவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றது. இங்கே இருக்கும் பலர் அந்த மேஜையிலிருந்து எழுந்து போனவர்கள்தான். உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் என்னை நம்பினீர்கள்.

அந்தக் கிடங்கில் அவர் என்ன செய்தார் தெரியுமா? அழுதுகொண்டா இருந்தார்? கழித்துப் போட்ட அளவுக் கருவி ஒன்றைத் தானே பழுது பார்த்தார். அறுபது சாதனங்களை, கேபிளை நீட்டி ஒரு தடவை, மடித்து ஒரு தடவை, தொங்கவிட்டு ஒரு தடவை என்று அளந்தார். எல்லாவற்றையும் தொகுத்து வரம்புக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். வரம்பை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை, கேபிளை மடிக்க விட்டால் எல்லாமே தேறிவிடும். ஆகவே எந்த நிலையில் வைத்தால் அளவு மிக அதிகமாக வருகிறதோ அந்த நிலையில்தான் சோதிக்க வேண்டும் என்று எழுதினார். கேபிளை மடித்தது யார் என்று அதில் ஒரு சொல் இல்லை.

கடிதம் குழுவில் இருந்த என் கைக்குத்தான் வந்தது. படித்தேன். ஒவ்வொரு எண்ணும் சரி. முதல் பக்கத்தை எடுத்துவிட்டேன். அவர் பெயர் அதில்தான் இருந்தது. 'உறுப்பினர் ஒருவர் அளித்த குறிப்பு' என்று மேலே எழுதிக் கூட்டத்தில் வைத்தேன். ஏக மனதாக ஏற்றுக்கொண்டார்கள். விதி மாறியது. ஓய்வு பெற்றபோது இதே அரங்கில் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தீர்கள். 'கேபிள் விதியின் தந்தை' என்று பொறித்திருந்தீர்கள். தந்தையாம்! பெற்றெடுத்தவள் கிடங்கில் தூசி தட்டிக்கொண்டிருந்தாள், நான் இங்கே மாலையும் கழுத்துமாக நின்றேன்! நீங்கள் கை தட்டினீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து அவரும் தட்டினார்.

அன்று கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் என்னிடம் வந்தார். இதோ, கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"விதி நல்லா வந்திருக்கு சார்" என்றார். "ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு. ஏற்கெனவே சான்றிதழ் வாங்கினதுக்கு இது பொருந்தாதுன்னு போட்டிருக்கு. விசாரணையில என்னை மாத்தினாங்களே தவிர சான்றிதழைத் தொடல, அந்த வெள்ளை அடாப்டர் இன்னும் கடையில இருக்கு சார். உங்க கையெழுத்தை நீங்க வாபஸ் வாங்கினாதான் நிறுத்த முடியும். என் முத்திரையை விடுங்க, அது போனது போகட்டும். அதை மட்டும் நிறுத்திடுங்க."

"பாக்கலாம்மா" என்றேன். ஐந்து ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பின் வந்த இன்றைய தலைவர், பதவியேற்ற முதல் வாரத்திலேயே அவரைச் சோதனை அறைக்குத் திரும்ப அழைத்து, தலைமைச் சோதனையாளர் ஆக்கினார். எந்த ஆதாரமும் இல்லாமல், அந்த அம்மாளோடு வேலை பார்த்த பழக்கத்தை மட்டும் வைத்து நம்பினார். தலைவர் அவர்களே, உண்மை தெரிந்த நான் செய்யாததை, தெரியாத நீங்கள் செய்தீர்கள். உங்களை வணங்குகிறேன்.

கணவர் அவர்களே, மகளே! மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மன்னிக்க வேண்டியவர் படத்தில் இருக்கிறார். உங்களிடம் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்கள் மனைவி எதையும் மறக்கவில்லை, ஐயா. உன் அம்மா எதையும் தவறாக அளக்கவில்லை, மகளே. வீட்டில் ஒன்பது ஆண்டுகள் உங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அந்தச் சந்தேகம் நான் கொண்டுவந்து போட்டது. அதை இன்றைக்கு நானே எடுத்துக்கொண்டு போகிறேன்.

இரங்கல் கூட்டத்தில் 'அவர் விட்ட பணியைத் தொடர்வோம்' என்று உறுதி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி கிடையாது. முதலில் என் பங்கைச் செய்கிறேன். என் சட்டைப்பையில் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. ஒன்று, அந்த அடாப்டரின் சான்றிதழில் நான் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறும் கடிதம். சோதனையை நடத்தியது நான், முத்திரையைக் குத்தியது நான் என்று தேதியோடு எழுதியிருக்கிறேன். மற்றொன்று, கேபிள் விதியை எழுதியவர் யார் என்று வரம்புக் குழுவுக்குச் சொல்லும் கடிதம். கிழிக்காமல் வைத்திருந்த அந்த முதல் பக்கத்தையும் இணைத்திருக்கிறேன். தலைவர் அவர்களே, தயவுசெய்து எல்லோர் முன்னாலும் வாங்கிக்கொள்ளுங்கள். என் மேல் என்ன நடவடிக்கை வந்தாலும் வரட்டும். கேடயத்தை நாளைக் காலை கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

அரை மணி நேரமாக இந்த ஒலிபெருக்கி கரகரக்கிறது. நீங்கள் எல்லோரும் திரும்பித் திரும்பி மைக் செட்காரரை முறைத்தீர்கள். ஒருவர் எழுந்துபோய், "பொழப்பு ஒழுங்கா தெரியாதாப்பா உனக்கு?" என்று திட்டியதும் இங்கே என் காதில் விழுந்தது. அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு வயரை மாற்றி மாற்றிப் பார்க்கிறார். தம்பி, விட்டுவிடுங்கள். உங்கள் மேல் தப்பில்லை.

மேடை ஏறியதுமே நான் பார்த்துவிட்டேன். இந்தப் படத்துக்கு முன்னால் எரியும் விளக்கு. அதன் கேபிள் இதோ இப்படி நீளமாகத் தரையில் ஓடுகிறது. அதன் முனையில், சுவரில், அதே வகை வெள்ளை அடாப்டர். பார்த்தும் நான் சொல்லவில்லை. சொன்னால் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்தேன். இன்றைக்கும், இந்த மேடையிலும், என் தவறுக்கு இன்னொருவர் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிய இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இரைச்சலம்மாவின் வானொலிப் பெட்டியைத் திருகுகிறேன். விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறேன். கேட்கிறதா? கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? இதுதான் அந்த ஓட்டுநரின் மணியை அடிக்கவிடாமல் செய்த சத்தம். பதினோரு ஆண்டுகளாக எத்தனையோ வீடுகளில் என் கையெழுத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் சத்தம்.

இப்போது நாம் அவருக்காக இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கப்போகிறோம். எல்லோரும் எழுந்திருங்கள். மகளே, அடாப்டரைப் பிடுங்க நீ குனிய வேண்டாம். யாரும் வர வேண்டாம். இதைப் பிடுங்க வேண்டியவன் நான்தான்.

பிடுங்கிவிட்டேன்.

கேளுங்கள். ஒலிபெருக்கியில் ஒன்றுமில்லை. பெட்டியிலும் ஒன்றுமில்லை. அம்மா, நீங்கள் கேட்டபடி நிறுத்திவிட்டேன். ஐந்து ஆண்டு தாமதம்.